தோளில் ஒரு துணி

பால் குடித்து முடித்த கைக்குழந்தையைத் தோளில் சாய்த்து முதுகைத் தட்டிக் கொடுக்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. குழந்தை ஏப்பம் விடவேண்டும் என்பதே இதன் நோக்கம். ஏப்பத்தோடு சிறிது பாலும் வெளிவருவதுண்டு. ஆகவே குழந்தையைத் தூக்குமுன் தாயோ, பாட்டியோ, தந்தையோ தோளில் ஒரு துணியை விரித்துக் கொள்கிறார்கள். சேலையும் சட்டையும் கறைபடாமல் தப்புகின்றன.

இவ்வளவு எளிய செயலில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். அந்தத் துணியில் நெசவுக் கலையின் வரலாறு அடங்கியுள்ளது. இயற்பியலும் வேதியியலும் அடங்கியுள்ளன. அது மட்டுமன்று. குழந்தை கக்கும் பாலை வெறும் கறையாகக் கருதாமல் பேராபத்தாகக் கருதியதால் 20-ஆம் நூற்றாண்டில் மருத்துவ உலகம் ஒரு பெருந்தவறு செய்தது. அந்த வரலாறும் இத்துணியோடு சேர்த்துச் சொல்லப்பட வேண்டியதாகும்.

பால் ஏன் திரும்பி வருகிறது?

நாம் விழுங்கும் உணவு உணவுக்குழல் வழியாக இரைப்பையை அடைகிறது. இவ்விரண்டும் சேருமிடத்தில் வளையம்போல் ஒரு சுருக்குத்தசை இருக்கிறது. பையின் வாயைச் சுருக்குக் கயிறு மூடுவதுபோல், இது இரைப்பையின் வாயை மூடி வைக்கிறது. விழுங்கும்போது மட்டும் திறந்து வழிவிடும்.

குழந்தைக்கு இத்தசையின் கட்டுப்பாடு இன்னும் முதிர்ச்சி அடைந்திருப்பதில்லை. அடிக்கடி தளர்ந்து கொடுக்கும். உணவுக்குழலின் நீளமும் குறைவு. உணவோ முழுவதும் நீர்மம். பால் குடிக்கும்போது காற்றையும் சேர்த்து விழுங்குவதால், அக்காற்று மேலே வரும்போது பாலையும் உடன் கொண்டு வருகிறது. இதையே எதுக்களித்தல் என்கிறோம். வயிற்றுத் தசைகள் வலிந்து சுருங்கி உணவை வெளியே தள்ளும் வாந்தி வேறு, தானாக வழிந்துவரும் எதுக்களிப்பு வேறு.

இது எவ்வளவு இயல்பானது என்பதை அமெரிக்காவின் சிகாகோ வட்டாரத்தில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. 1997-இல் வெளியான அதன் முடிவுகளின்படி, முதல் மூன்று மாதக் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் நாளொன்றுக்கு ஒரு முறையாவது பால் கக்கினார்கள். நான்காம் மாதத்தில் இது 67 விழுக்காடாக உயர்ந்தது. பத்து முதல் பன்னிரண்டு மாதங்களில் 5 விழுக்காடாகக் குறைந்து விட்டது. குழந்தை நிமிர்ந்து உட்காரவும், கெட்டியான உணவு உண்ணவும் தொடங்கும்போது இத்தொல்லை தானாகவே மறைகிறது. அதுவரையில் தோளுக்குத் துணி தேவை.

பழைய துணியின் சிறப்பு

எந்தத் துணி நல்லது? பலமுறை வெளுத்துத் துவைத்த பழைய வேட்டித் துணியே நல்லது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். இதற்குத் தக்க காரணம் உண்டு.

பஞ்சின் இழை செல்லுலோஸ் என்னும் பொருளால் ஆனது. செல்லுலோஸ் மூலக்கூறுகள் நீரைத் தம்பால் ஈர்க்கும் தன்மை உடையவை. ஆனால் பருத்திச் செடியில் விளையும் பஞ்சின்மேல் மெல்லிய மெழுகுப் படலம் ஒன்று இருக்கிறது. அது நீரை ஒட்டவிடாது. நெசவின்போது நூல் அறாதிருக்க ஏற்றப்படும் கஞ்சிப் பசையும் நீர் உட்புகுவதைத் தடுக்கிறது. ஆகவேதான் புத்தம்புதிய துணியில் தண்ணீர் விட்டால் சிறிது நேரம் முத்து முத்தாக நிற்கிறது. காரத்தில் வேகவைத்து வெளுக்கும்போதும், திரும்பத் திரும்பத் துவைக்கும்போதும் மெழுகும் பசையும் நீங்குகின்றன, துணி மிருதுவாகிறது, நீரை உடனே உறிஞ்சுகிறது.

இழைகளுக்கு இடையே உள்ள நுண்ணிய இடுக்குகளில் நீர்மம் தானே ஏறிப் பரவுவதைத் தந்துகிக் கவர்ச்சி என்பார்கள். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் இதனால்தான். தோளில் கிடக்கும் துணி ஓர் அகலமான திரி எனலாம். விழுந்த பாலை ஓரிடத்தில் தேங்கவிடாமல் இழுத்துப் பரப்பிவிடுகிறது.

மோசூல் முதல் பர்சா வரை

இங்கிலாந்தில் குழந்தைக்குப் பயன்படும் சதுரமான மெல்லிய துணியை இன்றும் மஸ்லின் என்றே அழைக்கிறார்கள். நம் கடைகளில் மல் துணி என்பது இவ்வகையைச் சேர்ந்ததே. இராக் நாட்டின் மோசூல் நகரிலிருந்து மஸ்லின் என்ற பெயர் வந்தது. ஆனால் உலகப் புகழ்பெற்ற மஸ்லின் நெய்யப்பட்டது வங்காளத்தின் டாக்கா வட்டாரத்தில். கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் ஐரோப்பா சென்ற அத்துணி செல்வர்களின் உடையாக விளங்கியது. கைக்குழந்தையின் வாயைத் துடைப்பதற்கு அதை எடுப்பார் இல்லை!

1779-இல் இங்கிலாந்தின் போல்ட்டன் நகரைச் சேர்ந்த சாமுவேல் கிராம்ப்டன் ஒரு நூற்பு இயந்திரத்தை உருவாக்கினார். மிக மெல்லிய நூலை அதில் ஏராளமாக நூற்க முடிந்தது. மஸ்லின் லங்காஷயர் ஆலைகளில் மலிவாக உற்பத்தியாகத் தொடங்கியது. டாக்காவின் நெசவாளர்கள் தொழிலிழந்து நலிந்தார்கள். இங்கிலாந்தின் சாதாரணக் குடும்பங்களுக்கோ மெல்லிய பருத்தித் துணி எளிதில் வாங்கக்கூடிய பொருளாயிற்று. கொதிநீரில் போடலாம், விரைவில் உலரும், குழந்தையின் தோலை உறுத்தாது. பிள்ளை வளர்ப்பதற்கு இவை போதாவா?

மஸ்லின் மெல்லியது; அதிகமான நீர்மத்தைத் தாங்காது. அக்குறையைத் தீர்த்த துணி துருக்கியிலிருந்து வந்தது. ஹென்றி கிறிஸ்டி என்ற ஆங்கிலேயர் 1850-இல் துருக்கியில் பயணம் செய்தார். பர்சா நகரின் நெசவாளர்கள், மேற்பரப்பு முழுவதும் சிறுசிறு நூல் வளையங்கள் நிற்கும் துண்டுகளைக் கைத்தறியில் நெய்து வந்தனர். கிறிஸ்டி ஒரு மாதிரியை ஊருக்குக் கொண்டு சென்றார். அவருடைய குடும்பத்து ஆலையில் பணியாற்றிய சாமுவேல் ஹோல்ட் அத்தகைய வளையங்களை இயந்திரத் தறியில் எழுப்பும் முறையைக் கண்டறிந்தார். 1851-இல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில் அத்துண்டுகள் இடம்பெற்றன. விக்டோரியா அரசியாரும் அவற்றை விரும்பி வாங்கினார்.

அந்த நெசவின் நுட்பம் இதுதான். சாதாரணத் துணியில் பாவு ஒன்று. இதில் பாவு இரண்டு. ஒன்று இறுக்கமாகவும் மற்றொன்று தளர்வாகவும் கட்டப்பட்டிருக்கும். ஊடை நூல்களைச் சற்றுத் தள்ளி நிறுத்தி வைத்துப் பின்னர் ஒருசேர நெருக்கித் தள்ளினால், தளர்ந்த பாவு மேலும் கீழுமாக வளைந்து வளையங்களாக எழும்பும். இவ்வளையங்கள் துணியின் பரப்பைப் பன்மடங்காக்குகின்றன. வளையத்துக்கு வளையம் உள்ள இடைவெளியிலும் நீர்மம் தங்குகிறது. துருவிய தேங்காய்போல் தோன்றுவதால் நாம் இதைத் தேங்காய்ப்பூத் துண்டு என்கிறோம். டர்க்கி டவல் என்ற மற்றொரு பெயரோ, துருக்கியை இன்றுவரை நினைவூட்டுகிறது.

தடுப்பதா, உறிஞ்சுவதா?

துணியைக் காக்க வேறொரு வழியும் உண்டு. நீர் புகாத பொருளைப் போர்த்திக் கொள்வது அது. ஸ்காட்லாந்து நாட்டவரான சார்லஸ் மெக்கிண்டாஷ் 1823-இல் இதற்கு வழி செய்தார். நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் நாப்தாவில் ரப்பரைக் கரைத்து, அதை இரு துணிகளுக்கு நடுவே பூசி ஒட்டி, நீர்புகாத் துணி தயாரித்துக் காப்புரிமை பெற்றார். மருத்துவமனைக் கட்டிலிலும் குழந்தைப் படுக்கையிலும் இடப்படும் ரப்பர் ஷீட் இவ்வழியில் வந்ததுதான்.

ஆனால் ரப்பரை அப்படியே தோளில் போட்டுக்கொண்டால் என்ன ஆகும்? பால் உட்புகாது, உண்மையே. ஆனால் உறிஞ்சப்படாமல் தேங்கிக் குழந்தையின் கன்னத்தை நனைக்கும். அல்லது வழிந்து முதுகில் இறங்கும். எனவே மேலே உறிஞ்சும் அடுக்கு, அடியில் தடுக்கும் அடுக்கு என இரண்டும் சேர்ந்தால்தான் முழுப் பாதுகாப்பு. அமெரிக்காவின் மேரியன் டோனவன் என்ற பெண்மணி, குளியலறைத் திரையை வெட்டித் தைத்து, குழந்தையின் அரைத்துணிக்கு மேலுறை செய்து பார்த்தார். 1951-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அதிலும் உள்ளிருந்து உறிஞ்சியது பருத்தி. வெளியே தடுத்தது நீர்புகாப் பொருள். இக்காலத்தில் தோளுக்கென்றே விற்கப்படும் துணிகளில் சிலவும் இந்த இரட்டை அடுக்கு முறையில் தைக்கப்படுகின்றன.

கறை போவது எப்படி?

பாலில் புரதமும் கொழுப்பும் சர்க்கரையும் உள்ளன. புரதத்தைக் கரைத்தெடுக்குமுன் வெந்நீர் ஊற்றினால் அது இறுகி இழையோடு ஒட்டிக்கொள்ளும். ஆதலால் முதலில் தண்ணீரில் அலசி, பிறகு சோப்புப் போடுவதே முறை. தங்கிவிடும் கொழுப்பு நாளடைவில் காற்றுப்பட்டு மஞ்சளாகி, சிக்கு நாற்றம் தருகிறது.

இங்கே ஒரு சுவையான செய்தியுண்டு. உணவிலுள்ள புரதத்தைச் சிதைப்பதற்காக நம் கணையம் சில நொதிகளைச் சுரக்கிறது. அந்நொதிகளையே துணி வெளுக்கப் பயன்படுத்தினால் என்ன என்று ஜெர்மன் வேதியியலார் ஓட்டோ ரோம் சிந்தித்தார். விலங்குகளின் கணையத்திலிருந்து எடுத்த நொதிகளைச் சேர்த்த சலவைப் பொருளுக்கு 1913-இல் காப்புரிமை பெற்றார். குழந்தையின் குடலில் நடக்கும் வேலையே சலவைத் தொட்டியிலும் நடந்தது! இன்றைய சலவைத் தூள்கள் பலவற்றில் நுண்ணுயிர்களிலிருந்து பெறும் நொதிகள் சேர்க்கப்படுகின்றன.

ஒரே நூலில் இரண்டு அறிவுரைகள்

அமெரிக்க மருத்துவர் பெஞ்சமின் ஸ்போக் குழந்தை வளர்ப்பு பற்றி எழுதிய நூல் 1946-இல் வெளிவந்தது. கோடிக்கணக்கில் விற்ற நூல் அது. குழந்தையை ஏப்பம் விடச் செய்யும்போது, பால் கக்கக்கூடும் என்பதால் தோளில் ஒரு துணியைப் போட்டுக்கொள்ளும்படி அதில் அவர் எழுதினார். எவருக்கும் தீங்கில்லாத நல்ல யோசனை.

அதே நூலின் 1958-ஆம் ஆண்டுப் பதிப்பில் மற்றோர் அறிவுரை இருந்தது. மல்லாந்து உறங்கும் குழந்தை வாந்தி எடுத்தால் மூச்சடைத்துப் போகலாம்; ஆகவே குப்புறப் படுக்க வைப்பது நல்லது என்பது அதன் சாரம். கேட்பதற்கு நியாயமாகத்தான் பட்டது. மேலை நாடுகளின் மருத்துவர்கள் பலரும் இவ்வாறே கூறினர். தாய்மார்கள் நம்பினர்.

உடலமைப்பு இதற்கு நேர்மாறாக இருக்கிறது. மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் அமைகின்றன. எதுக்களித்த பால் மூச்சுக்குழலுக்குள் புகவேண்டுமானால் புவியீர்ப்பை எதிர்த்து மேலேற வேண்டும். குப்புறப் படுத்தாலோ மூச்சுக்குழல் கீழே வந்துவிடுகிறது. மேலும், குப்புறப் படுத்துறங்கும் குழந்தைகளிடையே, காரணம் புலப்படாமல் உறக்கத்திலேயே நேரும் திடீர் மரணம் அதிகம் என்பதற்குச் சான்றுகள் சேர்ந்துகொண்டே வந்தன.

1990-களின் தொடக்கத்தில் நியூசிலாந்து, பிரிட்டன் முதலிய நாடுகள் விழித்துக்கொண்டன. குழந்தையை மல்லாந்து படுக்க வையுங்கள் என்று பிரசாரம் செய்தன. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 1992-இல் தன் பரிந்துரையை மாற்றியது. அதற்கடுத்த பத்தாண்டுகளில் அந்நாட்டில் இத்தகைய திடீர் மரணங்களின் விகிதம் பாதிக்கு மேல் குறைந்தது. மூச்சடைத்து இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை கூடும் என்ற அச்சம் மெய்யாகவில்லை.

2005-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் பழைய தரவுகளையெல்லாம் திரட்டி ஆராய்ந்தனர். 1970-க்குள் கிடைத்திருந்த சான்றுகளை முறையாகத் தொகுத்துப் பார்த்திருந்தாலே குப்புறப் படுப்பதன் ஆபத்து விளங்கியிருக்கும் என்று கண்டனர். அவ்வாறு செய்திருந்தால் பிரிட்டனில் 10,000-க்கு மேற்பட்ட குழந்தைகளும், ஐரோப்பாவின் பிற பகுதிகள், அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவற்றில் குறைந்தது 50,000 குழந்தைகளும் பிழைத்திருக்கக் கூடும் என்பது அவர்களின் மதிப்பீடு. ஸ்போக் கெட்ட எண்ணம் கொண்டவரல்லர். நியாயமாகத் தோன்றிய ஒரு கருத்தைச் சோதித்துப் பாராமல் அறிவுரையாக்கியதில்தான் தீங்கு விளைந்தது.

தட்டிக் கொடுப்பதால் பயன் உண்டா?

இவ்வளவுக்குப் பின், முதுகைத் தட்டும் வழக்கத்தையும் சோதித்துப் பார்க்கத்தானே வேண்டும்? நம் நாட்டிலேயே அது நடந்தது. சண்டிகரில் 71 தாய்மார்களையும் அவர்களுடைய குழந்தைகளையும் சீட்டுக் குலுக்குவதுபோல் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் ஏப்பம் விடச் செய்யும் முறையைக் கற்றுக் கொடுத்து, மூன்று மாதங்கள் கவனித்தார்கள். 2015-இல் வெளியான முடிவு வியப்பளித்தது. தட்டிக் கொடுத்ததால் வயிற்றுவலி அழுகை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. பால் கக்குவதோ தட்டிய பிரிவில் அதிகமாக இருந்தது!

ஒரு சிறிய ஆய்வைக் கொண்டு உலக வழக்கத்தைத் தள்ளிவிட இயலாது. தட்டிக் கொடுப்பதால் கெடுதல் ஒன்றுமில்லை. குழந்தைக்கு அது இதமாகவும் இருக்கலாம். ஆனால் ஏப்பம் வரவில்லையே என்று உறங்கும் குழந்தையை எழுப்பித் தட்டவேண்டிய அவசியமில்லை என்பது தெளிவு. தட்டுபவர் தோளில் துணி போட்டுக்கொள்ள வேண்டும் என்பது அதைவிடத் தெளிவு.

பீறிட்டு வெளிவரும் வாந்தி, பச்சை நிறம் அல்லது இரத்தம் கலந்த வாந்தி, எடை கூடாமை ஆகியவை நோயின் அறிகுறிகள். அப்போது உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். மற்றபடி, பால் குடித்துச் சிரித்து விளையாடி வளர்ந்துவரும் குழந்தை சிறிது கக்கினால் அது சலவைக்குரிய விஷயம், சிகிச்சைக்குரியதன்று.

பால் கக்கும் குழந்தைக்காக மனிதர் எத்தனையோ வழிகளைத் தேடினார்கள். அவற்றுள் ஒன்று உயிர்களைப் பலிகொண்டது. ஒன்று பயனற்றதோ என்ற ஐயத்துக்கு ஆளாகியிருக்கிறது. நன்கு துவைத்து உலர்த்திய ஒரு பருத்தித் துணி மட்டும் எவருக்கும் தீங்கு செய்யாமல் தன் வேலையைச் செய்து வந்திருக்கிறது. குழந்தையைத் தோளில் தூக்கும்போது துணியைப் போட்டுக்கொள்வோம். உறங்க வைக்கும்போது மல்லாந்து படுக்க வைப்போம்.