இரு துறைகளுக்கு நடுவே ஒரு தொழிலாளி: ஓரகடம் வட்டாரத்தில் மனநலச் சேவை

சுங்குவார்சத்திரத்தில் இரவு ஷிப்ட் முடித்து விடுதிக்குத் திரும்பும் பெண், டாக்டரிடம் ‘மனசு சரியில்லை’ என்று சொல்வது அபூர்வம். தலைவலி, படபடப்பு, தூக்கமின்மை, கை கால் அசதி என்றுதான் சொல்வார். ஓர் ஊசி, வயிற்றெரிச்சலுக்கு பான்டாப்ரசோல், கூடவே சத்து மாத்திரை. மறு ஷிப்டுக்கு ஆள் தயார். டாக்டரின் அலட்சியம் என்று இதை ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் மனநல மருத்துவருக்குக் கடிதம் கொடுத்தால் அது எங்கே போகும், பதில் வருமா என்பது அவருக்கும் தெரியாது.

சிக்கலின் வேர் நிர்வாகத்தில் இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் சுகாதாரத் துறையுடையது. அதன் குழு அரசு மருத்துவமனைகளையும் ஆரம்ப சுகாதார நிலையங்களையும் சுற்றியே இயங்குகிறது. தொழிலாளியின் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடித்துக்கொள்ளும் இ.எஸ்.ஐ. திட்டத்தின் மருந்தகங்களோ தமிழகத்தில் தொழிலாளர் நலத் துறையின் கீழ் உள்ளவை. போதாக்குறைக்கு, 2019 நவம்பரில் காஞ்சிபுரம் மாவட்டம் பிரிந்தபோது அரசு மருத்துவக் கல்லூரி செங்கல்பட்டோடு போய்விட்டது.

இந்த இடைவெளியை யார் நிரப்புவது? கோவாவில் விக்ரம் படேல் குழுவினர் நடத்தி, 2010இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட ‘மானஸ்’ ஆய்வு ஒரு விடை தருகிறது. 24 மருத்துவ நிலையங்கள். அவற்றில் பாதியில், பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர் ஒருவர் டாக்டருக்குத் துணையாக இருந்தார், மனநல மருத்துவர் பின்னின்று வழிநடத்தினார். ஆலோசகர் இருந்த அரசு நிலையங்களில் ஆறு மாதத்தில் தேறியவர்கள் 65.9 சதவீதம், ஆலோசகர் இல்லாத இடங்களில் 42.5. தனியார் கிளினிக்குகளில் மட்டும் இந்த வேறுபாடு தென்படவில்லை. அங்கே டாக்டருக்கும் நோயாளிக்கும் நெடுநாள் பழக்கம் இருந்தது ஒரு காரணமாகலாம். ஒடிசாவிலிருந்து வந்து சில மாதங்களில் அறை மாற்றும் இளைஞனுக்கு அந்தப் பழக்கம் எங்கே கிடைக்கும்? ஆக, கோவாவின் தனியார் முடிவை இங்கே அப்படியே பொருத்த முடியாது.

காஞ்சிபுரத்துக்கும் இந்த முறை புதிதல்ல. சென்னையின் மனச்சிதைவு ஆய்வு நிறுவனமான ஸ்கார்ஃப் பங்கேற்ற ‘கோப்சி’ ஆய்வு (2014), மனச்சிதைவு நோயாளிகளின் வீட்டுக்கே சமூகப் பணியாளர்களை அனுப்பியது. ஒட்டுமொத்தப் பலன் மிதமானதே; ஆனால் தமிழகக் களமான காஞ்சிபுரத்தில் நோய்க்குறிகளும் முடக்கமும் தெளிவாகக் குறைந்தன.

தொடங்க வேண்டிய இடம் இ.எஸ்.ஐ. மருந்தகம்தான். நோயாளியின் பதிவேடு அங்கே இருக்கிறது. விடுப்புச் சான்றும் அங்கேதான் எழுதப்படுகிறது. ஒவ்வொரு மருந்தகத்திலும் ஓர் ஆலோசகர், மாவட்டக் குழுவுடன் வாராந்தர ஆலோசனை, அனுப்பிய கடிதத்துக்குக் கட்டாயப் பதில்: இதற்குப் புதிய சட்டம் வேண்டாம், இரு துறைகள் ஒரே மேசையில் உட்கார்ந்தால் போதும். நோயின் பெயர் மேலாளர் காதுக்கு எட்டாது என்ற உறுதியும் வேண்டும். அது இல்லாவிட்டால் ஆலோசகரின் நாற்காலிக்கு எதிரே யாரும் உட்கார மாட்டார்கள்.

இந்த ஏற்பாட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. இ.எஸ்.ஐ.யின் நோய்க்கால உதவி சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள். மனச்சிதைவு போன்ற நீண்ட நோய்களுக்கு 80 சதவீதம் கிடைக்கும்; அதற்கு இரண்டு ஆண்டு தொடர்ச்சியான காப்பீட்டு வேலை வேண்டும். ஒப்பந்தம் முடிந்து இடையில் வெளியேற்றப்படுபவர் அந்தக் கணக்கை எட்டுவது கடினம். அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் பயிற்சியில் இருப்பவரோ இ.எஸ்.ஐ.க்குள் வருவதே இல்லை. அவர் தலைவலிக்கு இன்னும் தெருமுனைக் கிளினிக்தான்.