சம்மட்டித் தலையின் தளர்ச்சி: காரணங்களும் செப்பனிடும் முறைகளும்

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

கல்லுடைப்பு, கட்டட இடிப்பு, கிணறு வெட்டு, கொல்லுப் பட்டறை ஆகிய தொழில்களில் அன்றாடம் புழங்கும் சம்மட்டியில் பெரும்பாலும் முதலில் கெடுவது இரும்பும் மரமும் சேரும் மூட்டுதான். ‘தலை ஆடுது’ என்று தொழிலாளி சொல்வது அந்த மூட்டைப் பற்றியே. அதற்குப் பணிக்களத்தில் உடனே கிடைக்கும் வைத்தியங்கள் மூன்று: ஒரு வாளித் தண்ணீர், ஓர் ஆணி, ஒரு துண்டு சைக்கிள் டியூப். மூன்றும் அன்றைய வேலையை ஓட்டிவிடும். மூன்றும் மூட்டை மேலும் கெடுக்கும். தளர்ச்சியின் காரணத்தை முதலில் பிரித்தறிந்து, அதற்குரிய முறையில் செப்பனிட்டால்தான் இறுக்கம் நிலைக்கும் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. மரப்பிடிச் சம்மட்டிகளே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. கண்ணாடியிழைப் பிடிகள் பசையால் பொருத்தப்படுபவை. அவற்றில் ஆப்புக்கு வேலையில்லை.

2. மூட்டின் அமைப்பு

2.1 துளையின் வடிவம்

நன்கு செய்த தலையில் துளை நேர்க்குழாயாக இராது. நடுவில் ஒடுங்கி, மேல்வாயிலும் கீழ்வாயிலும் சற்று விரிந்திருக்கும். கீழ்வாய் வழியே நுழையும் பிடி நடு ஒடுக்கத்தில் இறுகி நிற்கும். பிடியின் உச்சியில் அறுத்த பிளவுக்குள் ஆப்பு இறங்கும்போது மரம் இருபுறமும் விரிந்து மேல்வாயை நிரப்பும். ஒடுக்கத்துக்கு மேலும் கீழும் மரம் பருத்து நிற்பதால் தலை எந்தப் பக்கமும் நகர வழியில்லை.

2.2 வீச்சின் விசை

பிக்காசில் பிடியின் பருத்த நுனி மேலிருந்து செருகப்படுவதால் வீச வீசத் தலை இறுகும். சம்மட்டியிலோ ஒவ்வொரு வீச்சும் தலையைக் கழற்றும் திசையிலேயே இழுக்கிறது. 4 கிலோ தலை 1 மீட்டர் ஆரத்தில் விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் சுழல்வதாகக் கொண்டால், அந்த இழுவிசை 400 நியூட்டன். அதாவது, ஏறத்தாழ 40 கிலோ எடையைத் தலையில் கட்டித் தொங்கவிட்டதற்குச் சமம். அந்த வேகத்தில் தலை கழன்றால் அதனிடம் இருக்கும் ஆற்றல் 200 ஜூல். 5 மீட்டர் உயரத்திலிருந்து அதே இரும்பு ஒருவர்மேல் விழுவதற்கு இது ஈடாகும். இதைத் தடுத்து நிற்பது ஓர் ஆப்பும், அது விரித்த மரமும்தான்.

3. தளர்ச்சியின் காரணங்கள்

3.1 ஈரம் வற்றுதல்

மரம் காற்றின் ஈரத்துக்கேற்பத் தன் ஈரத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காடாக இருக்கையில் மரத்தின் ஈரம் ஏறத்தாழ 16 விழுக்காடு; காற்று 40 விழுக்காட்டுக்கு வறண்டால் மரம் 8 விழுக்காட்டுக்குச் சற்றுக் கீழே இறங்கும். நீளவாக்கில் இதனால் பெரிய மாற்றம் இல்லை. நாருக்குக் குறுக்கே 25 மில்லிமீட்டர் அகலத்தில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் சுருங்கக்கூடும். ஐப்பசி மழையில் மாட்டிய பிடி சித்திரையில் ஆடுவது இதனால்தான்.

வெயிலில் இரும்பு விரிந்து துளை பெரிதாகிவிட்டது என்று சொல்வோர் உண்டு. 25 மில்லிமீட்டர் எஃகுத் துளை, வெப்பம் 20 டிகிரி செல்சியஸ் கூடினால், 0.006 மில்லிமீட்டர் மட்டுமே விரியும். மரத்தின் சுருக்கம் இதைப்போல் எண்பது மடங்குக்கு மேல். ஆகவே தீர்வை மரத்திடம்தான் தேட வேண்டும்.

3.2 நசிவும் பொருத்தக் குறையும்

துளைச் சுவரில் பிடி முழுவதும் படியாமல் இரண்டு மூன்று மேடுகளில் மட்டும் தொட்டு நின்றால், அடியின் அதிர்வு முழுவதையும் அந்த மேடுகளே தாங்கும். அவை நசிந்ததும் தலை ஆடத் தொடங்கும். பச்சை மரத்தில் செய்த பிடி, பிளவின் ஆழத்துக்குப் போதாத குட்டை ஆப்பு ஆகியவையும் இவ்வகையே.

3.3 தவறிய அடி

தலை இலக்கைத் தாண்டிப்போய்ப் பிடியின் கழுத்து கல்லில் மோதும் அடி, மூட்டை நெம்புகிறது. கழுத்து நாரையும் வெட்டுகிறது. இவ்வாறு தளர்ந்த சம்மட்டியில் ஆப்பை மட்டும் மாற்றுவது வீண்.

4. தண்ணீர் வைத்தியத்தின் பிழை

ஆடும் சம்மட்டியை இரவு முழுதும் தண்ணீரில் போட்டால் காலையில் இறுகியிருக்கும். அந்த இறுக்கமே அடுத்த தளர்ச்சிக்கு விதை. நீர் குடித்த மரம் குறுக்கே 5 விழுக்காடு வரை பருக்க முனையும். சுற்றியுள்ள எஃகு இடம் தராது. குறுக்கு அழுத்தத்தில் மரம் மீளக்கூடிய அளவு பெரும்பாலும் 1 விழுக்காட்டை ஒட்டியதே. எஞ்சியதெல்லாம் மர அணுவறைகளின் நிரந்தர நசிவாக மாறுகிறது. மீண்டும் காயும்போது பிடி முன்பு இருந்ததைவிட மெலிந்துவிடும். மறுபடி ஊறவைத்தால் மறுபடி மெலியும். நசுங்கியதால் நேரும் இந்தச் சுருக்கத்தை மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் புரூஸ் ஹோட்லி, 1980இல் வெளிவந்த ‘அண்டர்ஸ்டேண்டிங் வுட்’ நூலில் தெளிவாக விளக்கியிருக்கிறார்.

ஆணி நாரைப் பிளந்து விரிசலுக்கு வழி திறக்கும். ரப்பர் அமுங்கி அமுங்கி விரிவதால் தலையின் ஆட்டத்தை மறைக்குமே தவிர நிறுத்தாது.

5. சோதித்தறிதல்

முதலில் தலை பிடியைத் தொடும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட வேண்டும். பழைய மரக்கட்டையில் மெல்ல நான்கைந்து அடி அடித்துவிட்டுப் பார்த்தால் கோட்டுக்கும் தலைக்கும் இடையே வெளி தெரிகிறதா என்பது புலப்படும். தெரிந்தால் தலை கழலும் திசையில் நகர்கிறது. கோடு அசையாமல் தலை பக்கவாட்டில் மட்டும் ஆடினால் நசிவு. பிறகு மேல்வாயைப் பார்க்க வேண்டும்: ஆப்பு மரத்தின் மட்டத்துக்குக் கீழே அமுங்கியிருக்கிறதா, வெளியே துருத்தியிருக்கிறதா, பிளவின் இருபுறமும் விரிசல் ஓடுகிறதா?

கழுத்தில் வெட்டுப்பட்டிருந்தாலும், நீளவிரிசல் இருந்தாலும், நார் ஓட்டம் பிடியின் நடுவிலேயே பக்கவாட்டில் வெளியேறினாலும் அந்தப் பிடியைக் கழித்துவிட வேண்டும். அது செப்பனிடத் தக்கதன்று.

6. செப்பனிடும் முறைகள்

6.1 தலையை ஏற்றி அமர்த்துதல்

பிடி நலமாக இருந்து தலை சற்று இறங்கியிருந்தால் இதுவே முதல் முறை. சம்மட்டியைத் தலைகீழாக, தலை தரையைத் தொடாமல் அந்தரத்தில் தொங்கும்படி ஒரு கையில் பிடித்து, பிடியின் அடிமுனையை மரச்சுத்தியால் தட்ட வேண்டும். அடிபடும் பிடி கீழ்நோக்கி நகரும்; கனத்த தலையோ நிலைமத்தால் அங்கேயே நிற்கும். ஆகவே ஒவ்வொரு தட்டுக்கும் தலை பிடியின்மேல் மயிரிழை ஏறும். தட்டும் ஓசை மாறுவதைக் காதால் கேட்கலாம்: தளர்ந்திருக்கையில் ‘டொக்கு’ என்ற மந்த ஒலி, அமர்ந்ததும் கணீரென்ற ஒலி. ஒலி மாறிய பிறகு தட்டுவதை நிறுத்தி, ஆப்பை மீண்டும் இறுக்க வேண்டும்.

6.2 ஆப்பு மாற்றுதல்

பழைய ஆப்பு சிதைந்திருந்தால் மெல்லிய உளியால் துண்டு துண்டாக எடுத்துவிட்டு, நன்கு காய்ந்த கடினமரத்தில் புதிது செதுக்க வேண்டும். ஆப்பின் அகலம் துளையின் நீளவாட்டத்தை முழுவதும் நிரப்ப வேண்டும். பிளவின் ஆழம் தலையின் கனத்தில் மூன்றில் இரு பங்கு இருப்பது நன்று. ஆப்பு பிளவின் அடியை முட்டும் முன்பே இறுகிவிட வேண்டும். முட்டியபின் எவ்வளவு அடித்தாலும் பக்கவாட்டில் விரிவு கிடைக்காது. மரஆப்புக்குக் குறுக்கே ஓர் இரும்பு ஆப்பும் இறக்கினால் நீளவாட்டத்திலும் மரம் விரியும்.

6.3 புதுப் பிடி

வட அமெரிக்காவில் ஹிக்கரி மரத்துக்குள்ள இடம் நம் பகுதியில் கருவேலத்துக்கும் வெக்காலிக்கும் உண்டு. அதிர்வு தாங்கும், காய்ந்து முற்றிய மரமாக இருக்க வேண்டும். பிடியின் வெட்டுமுனையில் தெரியும் வளையக் கோடுகள் அடி விழும் திசைக்கு இணையாக ஓட வேண்டும்.

துளைக்குள் பிடியை ஏற்றி இறக்கினால், தொடும் இடங்களில் மரம் கறுத்து மினுங்கும். அந்த மினுக்கத்தை மட்டும் அரத்தால் ராவிவிட்டு மீண்டும் ஏற்ற வேண்டும். மினுக்கம் சுற்றிலும் சமமாகப் பரவும்வரை இதைப் பொறுமையாகத் தொடர்வதே பொருத்தத்தின் உயிர். பிடியின் உச்சி மேல்வாய்க்கு மேல் 3 முதல் 6 மில்லிமீட்டர் துருத்தி நின்றால், விரிந்த மரம் தலைக்கு ஒரு தடையாக அமையும்.

பழைய கட்டை துளையில் சிக்கியிருந்தால் துளையிட்டுத் தட்டி எடுக்க வேண்டும். தலையைத் தீயில் போட்டு எரிப்பது சிலருடைய வழக்கம். அந்தச் சூட்டில் அடிமுகத்தின் பதம் இறங்கி எஃகு மென்மையாகிவிடும்.

7. பராமரிப்பும் பொறுப்பும்

பிடியின் உச்சியிலும் கழுத்திலும் அவ்வப்போது ஆளிவிதை எண்ணெய் தடவினால், ஈரம் ஏறி இறங்கும் வேகம் குறையும். வேலை முடிந்ததும் நிழலில் வைத்தால் சுருக்கமும் குறையும்.

அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் கட்டடத் தொழில் விதி 1926.301, மரப்பிடிகள் சிராயும் விரிசலும் இன்றி, கருவியோடு இறுக்கமாக இருக்க வேண்டும் என்கிறது. பாதுகாப்பற்ற கைக்கருவியைத் தருவதும், பயன்படுத்த விடுவதும் கூடாது என்று அதே விதி வேலை கொடுப்பவரையே கட்டுப்படுத்துகிறது. பொறுப்பை முதலில் வேலை கொடுப்பவர்மேல் வைக்கும் இந்த வரிசை சரியானது. கூலிக்கு அடிப்பவரிடம் காய்ந்த பிடியோ நல்ல ஆப்போ வாங்கப் பணமும் நேரமும் இருப்பதில்லை. தலை பறந்தால் எதிரே உளி பிடித்திருப்பவருக்கோ விலக இடமிருப்பதில்லை. ஆகவே மாற்றுப் பிடிகளும் ஆப்புகளும் களத்தில் இருப்பு வைப்பதும், பென்சில் கோட்டை நாள்தோறும் வேலைக்கு முன் பார்க்கச் செய்வதும், ஆடும் சம்மட்டியை அப்போதே ஒதுக்குவதும் ஒப்பந்தக்காரரின் கடமையாக எழுதப்பட வேண்டும்.