தமிழ் எழுத்து அச்சுக்கு வந்த கதை

மலாக்கா பட்டணத்துக்குப் போகிறவர்கள் புனித பவுல் குன்றின்மேல் ஏறிப் பார்க்காமல் திரும்புவதில்லை. இடிந்த கோயிலின் முன்னால், வலது கை இல்லாத வெள்ளைச் சிலை ஒன்று நிற்கிறது. அது பிரான்சிஸ் சவேரியாருடைய சிலை. 1552இல் சீனக் கரையோரத் தீவொன்றில் அவர் இறந்தார். மறு ஆண்டு அவருடைய உடலை இந்தக் கோயிலில்தான் சில மாதம் அடக்கம் செய்து வைத்திருந்து, பிறகு கோவாவுக்குக் கொண்டு போனார்கள். இவ்வளவும் நம்மில் பலருக்குத் தெரிந்ததே. ஆனால் 1545இல் மலாக்காவில் வந்து இறங்குமுன், அவர் தூத்துக்குடி, மணப்பாடு கரைகளில் நம்முடைய தமிழோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தவர். அந்தக் கதையை இன்று பேசுவோம். நாம் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாயினும், தமிழ் எழுத்து அச்சேறிய கதை நமக்கும் உரியதுதான்.

வேதம் ஒரு மொழியிலும் கேட்கிற சனம் வேறொரு மொழியிலும் இருப்பது பழைய சங்கடம். நாலாம் நூற்றாண்டின் கடைசியில் எகேரியா என்ற அம்மையார் எருசலேமுக்கு யாத்திரை போனார். அங்கே மேற்றிராணியார் கிரேக்கத்தில்தான் பேசுவார் என்றும், பக்கத்தில் ஒரு குருவானவர் நின்று சிரியாக் மொழியில் எடுத்துச் சொல்வார் என்றும் அவர் எழுதி வைத்திருக்கிறார். அந்த எருசலேமில் எந்த நாளில் எந்த வேதபாகம் வாசிப்பது என்று ஒரு முறை இருந்தது. காக்கேசிய மலைநாட்டு ஜார்ஜியர்கள் அதைத் தங்கள் மொழியில், தங்கள் எழுத்திலேயே எழுதிக்கொண்டார்கள். பிற்காலத்தில் கிரேக்க மூலம் தொலைந்து போயிற்று. பழைய எருசலேம் முறையை அறிய அறிஞர்கள் இன்று ஜார்ஜிய ஏடுகளைத்தான் புரட்டுகிறார்கள். இரவல் வாங்கிப் போனவர் வீட்டில்தான் பொருள் பத்திரமாக இருந்தது!

நம் கரைக்கு வருவோம். 1542இல் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அங்கிருந்த பரதவர்கள் சில ஆண்டுகளுக்கு முன்பே ஞானஸ்நானம் பெற்றவர்கள். ஆனால் ஜெபம் சொல்லிக் கொடுக்க ஆளில்லை. வந்தவருக்கோ தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் ஓரளவு தெரிந்தவர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, விசுவாசப் பிரமாணத்தையும் பத்துக் கட்டளைகளையும் மற்ற ஜெபங்களையும் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார்.

அப்படிச் செய்த தமிழில் ஒரு கோளாறு இருந்தது. 'விசுவசிக்கிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்ற சொல் புகுந்துவிட்டது. 1544இல் தம் துணைவர் மான்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில், வேணும் என்றால் விருப்பம், அதை எடுத்துவிட்டு விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லை வைத்துச் சொல்லிக் கொடுங்கள் என்று சவேரியார் திருத்தம் சொல்கிறார். சிரித்துவிட்டுப் போகிற பிழை அல்ல இது. ஊரே தினமும் சத்தம் போட்டுச் சொல்லிய ஜெபம்! பிழையைக் காட்டிக் கொடுத்தவர் அந்தக் கரையில் தமிழ் பேசி வளர்ந்த ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

1554இல் லிஸ்பன் நகரில் தமிழ் ஜெபப் புத்தகம் ஒன்று அச்சாயிற்று. தமிழ் எழுத்து அச்சு அங்கே ஏது? தமிழை ரோமன் எழுத்திலேயே அச்சிட்டார்கள். அந்த வேலையைச் செய்தவர்கள் மூன்று தமிழர்கள். விசெந்தே த நசரேத், ஜோர்ஜ் கர்வாலோ, தோமே த குரூஸ் என்று ஞானஸ்நானப் பெயர்கள்தாம் நூலில் உள்ளன. தாய் தகப்பன் வைத்த பெயர்கள் ஏறவில்லை.

தமிழ் எழுத்திலேயே அச்சிட்ட பெருமை அண்டிரிக்கு அடிகளாருக்கு உரியது. 1546இல் இந்தியா வந்த இவர் தமிழை முறையாகக் கற்று, போர்த்துக்கீசிய மொழியில் தமிழ் இலக்கணமே எழுதினார். 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' வெளிவந்தது. 16 பக்கச் சிறு நூல். தாள் சீனத்துத் தாள். இந்திய மொழி ஒன்றின் சொந்த எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைக்கும் முதல் நூல் இதுவே. மிஞ்சிய ஒரு பிரதி அமெரிக்காவில் ஹார்வார்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அடுத்த ஆண்டு கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்', 1586இல் புனிதர்களின் வரலாறு கூறும் பெரிய நூல் என்று வேலை தொடர்ந்தது.

அந்த அச்சில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு கிடையாது. ஓலையில் எழுதிய வழக்கம் அப்படியே அச்சுக்கும் வந்துவிட்டது. இன்று நம் பிள்ளைகள் புள்ளியில்லாமல் எழுதிக் கொண்டு வந்தால் நாம் விடுவோமா?

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஜெபம் தமிழுக்கு வந்தும், கத்தோலிக்கக் கோயிலில் பூசை லத்தீனிலேயே நடந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடிய 1960களில்தான் பூசை தமிழுக்கு வந்தது. முதல் தமிழ் நூலிலிருந்து எண்ணினால் ஏறக்குறைய 400 ஆண்டு! அந்த மாற்றத்தை நேரில் கண்ட முதியவர்கள் நம் தோட்டங்களிலும் உண்டு.

தரங்கம்பாடியில் சங்கதி வேறு. 1706இல் வந்த சீகன்பால்கு ஐயர், திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகியவர். வேத வாசிப்பும் பிரசங்கமும் தமிழிலேயே நடக்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஜெர்மனியில் ஹாலே நகரிலிருந்து வந்த அச்செழுத்துகள் பெரியவை, தாள் போதவில்லை. ஆகவே அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். சீஸ் கட்டி அடைத்து வந்த ஈயத் தகட்டையும் அதற்கு உருக்கினார்கள் என்பர். 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாகி முடிந்தது. 36 வயதில், 1719இல், ஐயர் மறைந்தார்.

கடவுளுக்கு என்ன சொல் என்பதில் மட்டும் எத்தனை மாற்றம் பாருங்கள்! அண்டிரிக்கு அடிகளாருக்குத் தம்பிரான், சீகன்பால்குவுக்குச் சருவேசுரன், பப்ரிசியுஸ் ஐயருக்குப் பராபரன், 1871இல் வந்த திருத்தத்தில் தேவன், 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் கடவுள். ஒவ்வொரு சொல்லும் கோயில் வாசலிலும் வீட்டுத் திண்ணையிலும் தமிழர் புழங்கிய சொல்லே. நமக்குக் கேட்டால், தம்பிரான் என்பதில்தான் நெருக்கம் அதிகம்.

மறுபடியும் மலாக்காவுக்கு வருவோம். 1796இல் இங்கே பிறந்த முன்ஷி அப்துல்லாவை மலாய்ப் பாடத்தில் படித்திருப்பீர்கள். நாகூர்த் தமிழரத்தம் கலந்த குடும்பம். அவரைத் தகப்பனார் தமிழ் படிக்க அனுப்பினார். கணக்குக்கும் வியாபாரப் பேச்சுக்கும் மலாக்காவில் தமிழ் வேண்டியிருந்தது. வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் அதைக் கற்பது பழைய வழக்கம் என்று தம் சரித்திரத்தில் அவரே சொல்கிறார்.

1815இல் மில்ன், தாம்சன் என்ற பாதிரிமார் மலாக்காவுக்கு வந்து அச்சுக்கூடம் வைத்தார்கள். இஸ்லாமியரான அப்துல்லா தம் மார்க்கத்தை விடாமலே அவர்களுக்கு மலாய் கற்பித்து, அச்சு வேலையும் பழகி, சுவிசேஷத்தின் மலாய் மொழிபெயர்ப்பில் தாம்சனுக்குத் துணை நின்றார். சொற்கள் மலாய்தான், ஆனால் சேர்த்த விதம் மலாய் அல்ல என்று அவர் பல இடங்களில் தடுத்துச் சொன்னார். தாம்சன் கேட்கவில்லை. மூலத்தில் உள்ளபடியே இருக்கட்டும் என்றார், அப்படியே அச்சாயிற்று. முத்துக்குளித்துறையில் 'வேணும்' என்ற ஒரு சொல்லைத் திருத்த ஒரு கடிதம் போதுமாயிருந்தது. மலாக்காவில் திருத்தம் சொன்னவர், அந்தக் குறையைத் தம் சொந்த நூலில்தான் எழுதி வைக்க முடிந்தது. 1849இல் அச்சான அந்த நூல் இன்றும் படிக்கக் கிடைக்கிறது.