புதுக்கோட்டை மாவட்டக் கடைவீதிகளும் இணைய வணிகமும்

புதுக்கோட்டை மாவட்டத்தின் கடைவீதிகள் என்று இங்கே குறிப்பிடப்படுபவை, புதுக்கோட்டை நகரின் கீழ ராஜ வீதியும் அதைச் சுற்றியுள்ள தெருக்களும், அறந்தாங்கி, ஆலங்குடி, பொன்னமராவதி, கந்தர்வக்கோட்டை, கீரனூர் போன்ற ஊர்களில் பேருந்து நிலையத்தை ஒட்டி வளர்ந்த கடைத்தெருக்களும் ஆகும். ஜவுளி, மளிகை, பாத்திரம், செருப்பு, நகை, உரம், செல்போன் என்று கலந்து கிடக்கும் இந்தத் தெருக்களை 2010களின் நடுவிலிருந்து இணைய விற்பனை மெல்ல மாற்றி வருகிறது. கடைகள் அழிந்துவருகின்றன என்று இதைச் சொல்வது வழக்கம். இம்மாவட்டத்தைப் பொறுத்தவரை அந்தச் சொல் பொருந்தாது. ஷட்டர்கள் பெரும்பாலும் திறந்தே இருக்கின்றன. உள்ளே வருபவர் மாறுகிறார். கையில் ரொக்கம் உள்ளவர் செல்போனில் வாங்கத் தொடங்க, பற்று எழுதி வாங்குபவர் கடைக்காரரிடமே தங்கிவிடுகிறார். கடைவீதியின் நலிவை விளக்க இந்தப் பிரிவினை ஒன்றே பெருமளவு போதும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

புதுக்கோட்டை நகரின் தெருக்கள் தானாக முளைத்தவை அல்ல. தொண்டைமான் சமஸ்தானத்தில் 1878 முதல் 1894 வரை நிர்வாகத்தை நடத்திய அ. சேஷையா சாஸ்திரியின் காலத்தில், அரண்மனையைச் சுற்றி நேர்கோட்டில், ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டும் அகலத் தெருக்களாக நகரம் திருத்தப்பட்டது. அம்மன் காசு என்ற தனிக் காசே புழங்கிய அந்தச் சமஸ்தானம் 1948 மார்ச் 3 அன்று இந்திய ஒன்றியத்தில் இணைந்தது; 1974 ஜனவரி 14 அன்று திருச்சி, தஞ்சை மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்துப் புதுக்கோட்டை மாவட்டம் உருவானது. 2011 கணக்கெடுப்பின்படி மாவட்ட மக்கள்தொகை 16.18 லட்சம்; அதில் நகரங்களில் வாழ்ந்தவர் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. புதுக்கோட்டை நகரில் இருந்தவர்களோ 1.17 லட்சம் பேர்தான். ஆகவே இந்தக் கடைவீதி நகரவாசிகளை மட்டும் நம்பி நிற்கவே முடியாது. சுற்றுக் கிராமங்களிலிருந்து டவுன் பஸ் ஏறி வருபவரே அதன் பெருவாரியான வாடிக்கையாளர். கிராமத்து வருமானம் எந்த மாதத்தில் கைக்கு வருகிறதோ அந்த மாதத்தில்தான் கல்லா நிறையும்.

அந்த வருமானமோ ஆண்டு முழுவதும் சீராக வருவதில்லை. அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடிப் பக்கம் சம்பா அறுவடை தை, மாசியில். ஏனைய பகுதிகளில் கண்மாயையும் மழையையும் பார்த்த விவசாயம்; ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் ஆழ்குழாய்க் கிணற்றை நம்பிய தென்னையும் பலாவும் பூவும். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் விசைப்படகுகள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாட்களும் கரையில் நிற்கும். வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் அனுப்பும் பணம் சில வீடுகளுக்கு மாதாமாதம் வருகிறது. பல வீடுகளுக்கு அதுவும் இல்லை. இந்த இடைவெளிகளை அடைத்தது கடைக்காரரின் பற்று நோட்டு. அரிசியும் பருப்பும் மட்டுமல்ல, பள்ளிச் சீருடை, பம்புசெட்டுக்கு வயர், காதுகுத்துக்குத் துணி எல்லாம் அதில் ஏறின. எழுத்தும் நம்பிக்கையும் மட்டுமே ஈடாகக் கொண்ட இத்தகைய கணக்கு இந்த மண்ணுக்குப் புதிதல்ல. வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம் வட்டாரத்தில் ஆடி மாதத்தில் நடக்கும் மொய் விருந்து, வட்டியில்லாமல் பல லட்ச ரூபாயைத் திரட்டி ஒரு குடும்பத்தின் கையில் கொடுத்து, பின்னர் அதே குடும்பம் மற்றவர் விருந்துகளில் திருப்பிச் செய்யும் முறை. அதன் ஒரே பத்திரம் மொய் நோட்டு. வங்கிக் கிளைகள் வந்த பிறகும் அது நீடித்தது, 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையையும் பலாவையும் சாய்த்தபோது ஆட்டமும் கண்டது.

பற்று கொடுப்பது கடைக்காரரின் தாராள மனத்தால் மட்டும் நடந்ததில்லை. மொத்த வியாபாரி அவருக்குப் பதினைந்து நாளோ ஒரு மாதமோதான் தவணை தருவார். கிராமத்துக் கணக்கு தீர ஆறு மாதமும் ஆகும். நடுவே உள்ள பள்ளத்தை நிரப்பியது, மாதச் சம்பளக்காரர் கொடுத்த ரொக்கம். ஆசிரியரும், கலெக்டர் அலுவலக ஊழியரும், வெளிநாட்டுப் பணம் வரும் வீட்டாரும் உடனே கொடுத்த பணத்தில்தான் அறுவடை வரை காத்திருக்கும் விவசாயிக்குச் சரக்கு போனது. ஒரே கல்லாவில் இந்த இரண்டு வகை வாடிக்கையாளரும் ஒருவரையொருவர் அறியாமலே தாங்கிக்கொண்டார்கள். இணைய விற்பனை பிரித்தது இவர்களைத்தான். டெபிட் கார்டு, யு.பி.ஐ., பார்சல் வாங்க வீட்டில் ஒரு ஆள், கேஷ் ஆன் டெலிவரிக்குக் கையில் ஆயத்தப் பணம் ஆகியவை யாரிடம் முதலில் இருந்தனவோ, அவர்களே முதலில் போனார்கள்.

போன வழி செல்போன். 2014இல் மோட்டோ ஜியும் ஷாவ்மியின் கைபேசிகளும் முதலில் ஃபிளிப்கார்ட்டில் மட்டுமே விற்கப்பட்டன. எந்தக் கடைக்காரர் விரும்பினாலும் அந்தச் சரக்கு அவருக்குக் கிடைக்காது. 2016 செப்டம்பரில் வந்த ஜியோ கிராமத்துக்கும் மலிவான டேட்டாவைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு நவம்பர் 8இன் பணமதிப்பிழப்பு ரொக்கத்தை முடக்கியது. 2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு கடையையே பூட்டியது. ஒவ்வொரு அதிர்ச்சியும் ஒரு கூட்டத்தை இணையத்துக்குப் பழக்கிவிட்டுச் சென்றது. செல்போன் கடைகள் இதற்குச் செய்த ஏற்பாடு கவனிக்கத்தக்கது: போன் விற்பது பின்னுக்குப் போய், டெம்பர்டு கிளாஸ், கவர், சார்ஜர், ரிப்பேர், ரீசார்ஜ், பழைய போன் என்று கடை உருமாறியது. பலகை அப்படியே இருக்க, உள்ளே நடக்கும் தொழில் வேறாகிவிட்டது. ரெடிமேட், செருப்பு, பள்ளிப் பை, மிக்சி, ஃபேன்சி பொருள் விற்பவர்களும் சற்றுப் பின்னால் இதே பாதையில் வருகிறார்கள்.

இந்த வாதத்துக்கு முதல் மறுப்பு எண்ணிக்கை சார்ந்தது. இந்தியாவின் மொத்தச் சில்லறை விற்பனையில் இணையத்தின் பங்கு இன்னும் பத்தில் ஒன்றை எட்டவில்லை. பிரிட்டனில் அது நான்கில் ஒன்றை ஒட்டி இருக்கிறது. அங்கே வூல்வொர்த்ஸ் 2009 ஜனவரிக்குள் தன் எண்ணூறு சொச்சம் கடைகளையும் மூடியது, டெபன்ஹாம்ஸ் 2021இல் கடைகளை இழுத்துச் சாத்திவிட்டு இணையத்தில் ஒரு பெயராக மட்டும் மிஞ்சியது. அந்த அளவுக்கு இங்கே எதுவும் நடக்கவில்லையே என்பது கேள்வி. சராசரி இங்கே ஏமாற்றுகிறது. மாதம் ஐந்து லட்ச ரூபாய் விற்கும் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நூற்றுக்குப் பன்னிரண்டு மிஞ்சினால் அறுபதாயிரம், அதில் வாடகை, ஆள் சம்பளம், மின்கட்டணம் நாற்பத்தைந்தாயிரம், வீட்டுக்குப் பதினைந்தாயிரம். விற்பனையில் பத்தில் ஒரு பங்கு மட்டும் குறையட்டும். செலவு குறையாது, ஆறாயிரம் ரூபாய் வீட்டுப் பணத்திலிருந்தே போகும். பத்து விழுக்காடு இழப்பு நாற்பது விழுக்காடாக வந்து இறங்குகிறது. போன பத்து விழுக்காடு முழுவதும் ரொக்க விற்பனை என்றால், மொத்த வியாபாரிக்குக் கட்டும் நாள் வேறு தவறும். பிரிட்டனில் வாடகையும் உள்ளாட்சி வரியும் கழுத்தை நெரித்ததும் பெருநிறுவனம் கணக்கை முடித்துக்கொண்டது. இங்கே கட்டிடம் சொந்தமாக இருக்கும், அல்லது பழைய வாடகை. கல்லாவில் அப்பா, சரக்கு எடுத்துப்போட மகன், மதியத்தில் அம்மா. சம்பளம் வாங்காத இந்தக் குடும்ப உழைப்பு நஷ்டத்தை விழுங்கிக்கொள்வதால் கடை மூடுவதில்லை. பூட்டிய கடைகளை எண்ணிப் பார்த்து நலிவை அளக்க முயல்பவர் அதனால்தான் எதையும் காண்பதில்லை.

இரண்டாவது மறுப்பில் உண்மை அதிகம். கடைவீதியை முதலில் காயப்படுத்தியது இணையமல்ல, திருச்சி. ஐம்பது கிலோமீட்டர் சொச்சத்தில், பேருந்திலும் ரயிலிலும் போய் வரக்கூடிய தூரத்தில், பெரிய ஜவுளிக்கடைகளும் நகைக்கடைகளும் இருக்கும்போது கல்யாணக் கொள்முதலில் ஒரு பகுதி எப்போதும் அங்கே போய்க்கொண்டுதான் இருந்தது. 2017 ஜூலை 1இல் வந்த ஜி.எஸ்.டி. கணக்கு வைக்காத சிறு கடைகளைத் திணறடித்தது. சூப்பர் மார்க்கெட்டுகளும் பெருகின. இவை எல்லாம் சரி. ஆனால் திருச்சிக்குப் போகிறவர் ஆண்டில் ஓரிரு முறை, தீபாவளிக்கோ முகூர்த்தத்துக்கோ போனார். செருப்பு அறுந்ததற்குப் போகவில்லை. அன்றாட, நடுத்தர விலைப் பொருளின் ரொக்க விற்பனை ஊரிலேயே நின்றது. அந்த நடு அடுக்கை இணையம்தான் உருவுகிறது. கல்யாணப் பட்டைத் திருச்சியும், சட்டையைச் செல்போனும் எடுத்துக்கொண்டால் உள்ளூர் ஜவுளிக்கடையில் நிற்பது வேட்டி, லுங்கி, துண்டு, நைட்டி, ஆடித் தள்ளுபடி.

வாங்குபவர் பக்கமிருந்து எழும் மறுப்பே மிக வலுவானது. கறம்பக்குடிக்கு அப்பாலுள்ள சிற்றூரில் இருப்பவருக்கும் சென்னைவாசிக்குக் கிடைக்கும் அதே வகை, அதே விலை, பிடிக்காவிட்டால் ரிட்டர்ன். ஆண்கள் உட்கார்ந்திருக்கும் கடையில் உள்ளாடையும் நாப்கினும் கேட்கக் கூசிய பெண்களுக்கு இது சிறிய விடுதலை அல்ல. கடைவீதி தன் வாடிக்கையாளரை எப்போதும் மரியாதையாக நடத்தியது என்று எவரும் சத்தியம் செய்ய முடியாது. பற்றில் வாங்குபவருக்கு விலை கூட்டிச் சொல்வதும், சாதி பார்த்துக் கணக்குத் திறப்பதும் கிராமத்து வணிகத்தில் இருந்தவைதான். இந்த நன்மைகளை மறுத்து இக்கட்டுரையின் வாதம் நிற்கவில்லை. அவை யாருக்குக் கிடைக்கின்றன என்பதே கேள்வி. முன்பணமோ, பார்சல் வரும் நாளில் பணமோ கொடுக்க முடிந்தவருக்குத்தான். மறுபுறம், 2021 மே மாதம் முதல் அரசு டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றானபோது கடைவீதிக்கு வந்துபோகும் செலவு பல கிராமத்து வீடுகளுக்கு இல்லாமலே போனது. இணையத்துக்கு எதிராகக் கடைக்காரருக்குக் கிடைத்த இந்த ஆதரவு வணிகக் கொள்கையிலிருந்து வரவில்லை, போக்குவரத்துக் கொள்கையிலிருந்து வந்தது.

இணையத்திலும் கடன் உண்டே, இ.எம்.ஐ.யும் பிறகு செலுத்தும் வசதியும் இருக்கின்றனவே என்று கேட்கலாம். உண்டு, ஆனால் அது பான் எண்ணையும் வங்கி வரவையும் பழைய கடன் மதிப்பெண்ணையும் பார்த்துக் கொடுக்கப்படும் கடன். மாதாமாதம் ஒரே நாளில் பணம் வருபவரை அது தேர்ந்தெடுக்கும். மழை பெய்தால் கட்டுகிறேன் என்பவரைத் தேர்ந்தெடுக்காது. 100 நாள் வேலைக் கூலியும், 2023 செப்டம்பர் முதல் மகளிர் உரிமைத்தொகையாக வரும் ஆயிரம் ரூபாயும் வங்கிக் கணக்குக்கே வருவதால் இந்த இரு சாராரையும் பிரிக்கும் கோடு நகர்கிறது என்பது மெய். நகரும் அளவு சிறியது. ஆயிரம் ரூபாய் மளிகைக்கே சரியாகப் போகும். பற்று கிடைக்காதபோது கிராமத்துப் பெண்கள் போய் நிற்கும் இடம் இணையச் செயலி அல்ல, வாரத் தவணை வாங்கும் நுண்கடன் நிறுவனம். கடன் வசூலின் கெடுபிடிகளைத் தடுக்கத் தமிழ்நாடு 2025இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டி வந்தது.

எல்லாத் தொழிலும் ஒரே வேகத்தில் தேயவில்லை. நகைக்கடை தாக்குப்பிடிக்கிறது: பழைய நகையை மாற்றவும், மாதச் சீட்டுக் கட்டவும், அவசரத்துக்கு அடகு வைக்கவும் முகம் தெரிந்த இடம் வேண்டும். மானிய யூரியா, ஆதார் கைரேகை பதியும் கருவி உள்ள உரிமம் பெற்ற கடையில்தான் கிடைக்கும். பூவும் மீனும் பார்சலில் வருவதில்லை.

வணிகர்களின் எதிர்வினை பெரும்பாலும் அந்நிய முதலீட்டைக் குறிவைத்தது. ஏ.எம். விக்கிரமராஜா தலைமையிலான தமிழ்நாடு வணிகர் சங்கங்களின் பேரமைப்பு, ஆண்டுதோறும் மே 5இல் கொண்டாடும் வணிகர் தின மாநாடுகளில் இதைப் பேசிவந்தது. 2018இல் வால்மார்ட் 1,600 கோடி டாலருக்கு ஃபிளிப்கார்ட்டின் 77 விழுக்காட்டை வாங்கியது. அவ்வாண்டு டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட விதி, இணையச் சந்தைகள் தங்களுக்குப் பங்குள்ள நிறுவனங்களின் சரக்கை விற்பதையும், ஒரு பொருளைத் தங்களிடம் மட்டுமே விற்கும்படி உற்பத்தியாளரைக் கட்டாயப்படுத்துவதையும் 2019 பிப்ரவரி 1 முதல் தடுத்தது. 2020 ஜனவரியில் இந்தியப் போட்டி ஆணையம் அமேசான், ஃபிளிப்கார்ட் இரண்டின் மீதும் விசாரணைக்கு உத்தரவிட்டது. இந்த நடவடிக்கைகள் நியாயமானவை, தாமதமானவை. அவை முழு வெற்றி பெற்றாலும் சம்பளக்காரரின் விரல் செயலியை விட்டு விலகாது. கடைக்காரரே இணையத்தில் விற்கட்டும் என்பது இன்னொரு யோசனை. 2023 அக்டோபர் 1 முதல் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத சிறு வணிகரும் மாநிலத்துக்குள் இணையச் சந்தை வழியாக விற்க வழி செய்யப்பட்டது. அதைப் பயன்படுத்தி ஒருவர் கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் சரக்கு அனுப்பிப் பிழைக்கலாம். அவருடைய ரொக்கச் சிக்கல் தீரும். அதன் பிறகு, ஆவுடையார்கோவில் பக்கத்து விவசாயிக்கு ஆறு மாதக் கணக்கில் சரக்கு கொடுக்க அவருக்குக் காரணம் எதுவும் இருக்காது.