விரலும் முட்டையும்: யூத மரபின் அளவைகள்

பண்டை மாந்தர் அளவைகளைத் தம் உடம்பிலிருந்தும் உணவிலிருந்துமே பெற்றனர். யூதர்தம் சமய நூல்களும் நீளத்தை விரலாலும் முழத்தாலும், பருமனை ஒலிவக்காயாலும் கோழிமுட்டையாலும் குறித்தன.

பாஸ்கா இரவில் நான்கு கிண்ணம் திராட்சை இரசம் அருந்துதல் யூதர் கடமை. கிண்ணம் கொள்ளவேண்டிய குறைந்த அளவு ‘ரெவியித்’ ஆகும். அது ஒன்றரை முட்டைப் பருமன். இரு பெருவிரல் நீளமும் அகலமும், 2.7 பெருவிரல் உயரமும் உடைய கலத்தின் கொள்ளளவும் அதுவே என்பது தல்மூத் மரபு.

பிராகு நகர இரப்பி எசேக்கியேல் லாண்டாவ் (1713–1793) இவ்விரண்டையும் அளந்து ஒப்பிட்டார். விரற்கணக்கு முட்டைக்கணக்கின் இருமடங்காயிற்று. தலைமுறைதோறும் மனித உடல் பெருத்திராது எனக் கருதிய அவர், முட்டையே பாதியாய்ச் சிறுத்தது என முடிவு செய்தார்.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வேறுபாடு மில்லிலிட்டரிலும் தொடர்ந்தது. எருசலேமின் ஆபிரகாம் கயீம் நாயே (1890–1954), மைமோனிடிஸ் கூறிய 27 திர்ஹம் நீரெடையைக் கொண்டு ஏறத்தாழ 86 மி.லி. எனக் கணித்தார். லாண்டாவின் வழிநின்ற ‘கசோன் ஈஷ்’ (1878–1953) கொண்ட அளவோ ஏறத்தாழ 150 மி.லி. எபிரேய எழுத்துகளுக்கு எண்மதிப்பு உண்டு. கிண்ணத்தைக் குறிக்கும் ‘கோஸ்’ என்னும் சொல்லின் கூட்டுத்தொகை 86. தகுந்த கிண்ணம் எனப் பொருள்படும் ‘கோஸ் ஹகுன்’ என்பதன் தொகை 150. இரு தரப்பினர்க்கும் சொல்லே துணைநின்றது.

பேரளவே மெய்யெனின், முன்னோர் கையளித்த சிறு கிண்ணங்கள் கடமைக்குப் போதாதவை என்றாகிவிடும். ஆதலின், மறைநூல் விதித்த கடமைக்குப் பேரளவையும், பிற்கால அறிஞர் விதித்ததற்குச் சிற்றளவையும் கொள்வோர் இன்றும் உளர்.