1948-இல் நின்றுபோன சின்னக் கோச்சி

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

கடந்த தவணை விடுமுறையில், கலாசாலையில் ஒன்றாக இருந்த நாங்கள் நால்வரும் ஒருநாள் சைக்கிள் பயணம் போனோம். நுவரெலியாவுக்கு மரக்கறி ஏற்றப் போகும் லொறியில் கம்பளையில் இருந்து சைக்கிள்களைப் போட்டுக்கொண்டு, விடியுமுன் நானுஓயாவில் இறங்கினோம். மூவரிடம் கியர் சைக்கிள். நாலாமவரிடம் பழைய லுமாலா. ஏற்றத்தில் அவர் சைக்கிளை ஓட்டியதைவிட சைக்கிளை அவர் தள்ளியதுதான் அதிகம்.

ஊர் சுற்றிப் பார்ப்பது மட்டும் நோக்கமல்ல. நானுஓயாவில் இருந்து நுவரெலியா, கந்தப்பளை, புரூக்சைட் வழியாக இராகலை வரை ஒரு காலத்தில் குறுகிய ரயில் பாதை இருந்தது. உடப்புசல்லாவ ரயில் பாதை என்று பெயர். அந்தத் தடத்தை எங்காவது காணலாமா என்று பார்க்கத்தான் போனோம். நால்வரில் இருவர் வரலாறு கற்பிக்கிறோம். இருந்தும் இந்தப் பாதையைப் பற்றி எங்கள் மாணவர்களிடம் ஒருநாளும் பேசியதில்லை.

சுபஹுத் தொழுகையை முடித்து மிதிக்கத் தொடங்கியபோது பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. மூடுபனிக்குள் முன்னால் போகிறவரின் சிவப்பு லைட் மட்டும் ஆடி ஆடிப் போனது. எதிரே வரும் பஸ்ஸின் இரைச்சல் முதலில் கேட்கும், அதன்பிறகுதான் வெளிச்சம் தெரியும். பிளக்பூல் சந்தி தாண்டும்போது கைவிரல்கள் விறைத்துவிட்டன.

பிரதான ரயில் பாதை 1885-இல் நானுஓயாவை அடைந்தது. கோப்பிக்காக மலையேறத் தொடங்கிய பாதை அது. ஆனால் 1869-இல் இலைத்துரு நோய் கோப்பியைப் பிடித்தது. அடுத்த பதினைந்து இருபது வருடங்களில் பெரும்பாலான கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. 1867-இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்ட தேயிலைதான் பிறகு மலை முழுவதும் பரவியது. ஆக, கோப்பிக்கென்று வந்த கோச்சி தேயிலை ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு இறங்கியது.

உடப்புசல்லாவப் பக்கத்துத் தோட்டத் துரைமாருக்கு நானுஓயா தூரம். தேயிலைப் பெட்டிகளை மாட்டுவண்டியில் கொண்டுவர வேண்டும். தங்களுக்கும் ஒரு பாதை வேண்டும் என்று கேட்டார்கள். அகலப் பாதை போட மலை இடம்தராது. அதனால் களனிவெளிப் பாதையைப் போலவே இரண்டரை அடி அகலத்தில் குறுகிய பாதை போட்டார்கள். 1903-இல் நுவரெலியா வரையும், 1904-இல் இராகலை வரையும் ரயில் ஓடியது. முழுத்தூரமும் சுமார் 30 கிலோமீற்றர்தான். பிரதான பாதையின் கடும் ஏற்றம் 44 அடிக்கு ஓர் அடி. இந்தச் சின்னப் பாதையின் ஏற்றம் அதைவிடவும் கடுமையானது. தேயிலை கீழே போனது. அரிசியும் உரமும் மேலே வந்தன. அந்த அரிசியை உண்டவர்கள்தான் பாதை போகும் தோட்டங்களின் லயங்களில் இருந்தார்கள்.

நுவரெலியாவில் சுடச்சுட ரொட்டியும் கட்டச்சம்பலும் பிளேன்டீயும். வெள்ளைக்காரர் காலத்து நுவரெலியாவைப் பற்றி எழுதாதவர் இல்லை. சாமுவேல் பேக்கர் 1848-இல் குடியேற்றக்காரர்களையும் கால்நடைகளையும் விதைகளையும் கொண்டுவந்து இங்கே பண்ணை போட்டதும், 1873-இல் ஆளுநர் கிரெகரி வாவியை அமைத்ததும் சுற்றுலாப் புத்தகங்களில் இருக்கின்றன. ஆகவே அங்கே நாங்கள் அதிக நேரம் நிற்கவில்லை.

ஹாவாஎலிய கடந்து கந்தப்பளை ஏறும்போது மூடுபனி கொஞ்சம் விலகியது. இருபுறமும் லீக்ஸ், கோவா, கரட். மேலே தேயிலை. ஒரு வளைவில் மண்வெட்டியோடு நின்ற ஒருவரிடம் பழைய கோச்சிப் பாதை எதுவென்று கேட்டோம். "இந்தா, நீங்க நிக்கிற எடந்தான் சேர்" என்று தன் லீக்ஸ் பாத்தியைக் காட்டினார். மலையை ஒட்டி, ஒரே மட்டத்தில், வளைந்து வளைந்து போகும் ஒரு ஒடுங்கிய விளிம்பு. அவர் சொல்லியிராவிட்டால் வரம்பு என்றுதான் நினைத்திருப்போம். தண்டவாளமுமில்லை, சிலிப்பர் கட்டையுமில்லை.

இன்று இலங்கையில் மிக உயரமான ரயில் நிலையம் பட்டிப்பொல. இந்தப் பாதை ஓடிய காலத்தில் அந்தப் பெருமை கந்தப்பளைக்கு இருந்தது. கந்தப்பளைக்கு அருகில் மூடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை ஒன்று இப்போது பெரிய ஹோட்டல். அதன் வளவுக்குள் குறுகிய பாதை ரயில் பெட்டியொன்றை உணவகமாக வைத்திருக்கிறார்கள். அங்கே ஒரு வேளை சாப்பாட்டுக்கு ஆகும் காசு எங்களுக்கே கட்டாது. அந்த மலையில் கொழுந்து பறிக்கிறவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

லுஹர் தொழுதுவிட்டு இராகலை நோக்கி இறங்கினோம். ஈரப் பாதையில் பிரேக் பிடிக்கவில்லை. லுமாலாக்காரர் செருப்பைத் தரையில் உரசிக்கொண்டே வந்தார். இராகலை நகரில் ஒரு தேத்தண்ணிக் கடையில் கைகளைச் சூடாக்கிக்கொண்டு இருந்தபோது, எண்பது வயதளவில் ஒரு பெரியவர் பக்கத்து வாங்கில் வந்து உட்கார்ந்தார்.

"சின்னக் கோச்சி எங்கப்பா ஏறியிருக்காரு தம்பி. நான் ஏறல. நான் ஏறுனது பெரிய கோச்சிதான், அதுவும் அக்காவ வழியனுப்ப" என்றார்.

அந்தக் கதையைச் சொல்வதற்கு முன் ஒரு விடயம்.

லொறிகளும் பஸ்களும் வந்தபிறகு சின்னப் பாதைக்கு வருமானம் குறைந்தது. 1948-இல் அதை முற்றாக மூடிவிட்டார்கள். அதே 1948 பெப்ரவரியில் நாடு சுதந்திரம் பெற்றது. அதே வருடம் நாடாளுமன்றம் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. நவம்பர் 15 முதல் அது நடைமுறைக்கு வந்தது. பரம்பரையால் பிரஜையென்று காட்ட, தகப்பன் இங்கே பிறந்தவர் என்றோ, தகப்பனின் தகப்பனும் அவருடைய தகப்பனும் இங்கே பிறந்தவர்கள் என்றோ நிரூபிக்க வேண்டும். லயத்தில் பிறந்த பிள்ளைக்கு மூன்று தலைமுறைப் பிறப்புப் பத்திரத்துக்கு எங்கே போவது? 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான் வென்றார். 1952 தேர்தல் வந்தபோது அந்த மக்களில் பெரும்பாலானோரிடம் வாக்கு இல்லை.

இந்த இடத்தில் எங்களுக்கு நாங்களே ஒன்றைச் சொல்லிக்கொள்ள வேண்டும். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சரவையில் தமிழ் அமைச்சர்களும் இருந்தார்கள். நாம் மதிக்கும் கல்விமான் ரி.பி. ஜாயாவும் தொழில் அமைச்சராக அதில் இருந்தார். அவர் கல்விக்குச் செய்த சேவை பெரியது, அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் சுதந்திரத்துக்குப் பாடுபட்ட முஸ்லிம் தலைவர்களைப் பற்றி மேடையில் பேசும் நாங்கள், அடுத்த சில மாதங்களில் நடந்ததைப் பேசுவதில்லை. இந்தியாவிலிருந்து வந்து கடை வைத்திருந்த முஸ்லிம்களும் அந்தச் சட்டத்தால் பாதிக்கப்பட்டார்கள் என்பதையும் மறந்துவிட்டோம்.

1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்றவர்கள் 975,000 பேர் என்று கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியா எடுப்பது, 300,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுப்பது, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்பது என்று முடிவெடுத்தார்கள். பிறகு 1974-இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை.

பெரியவரின் அக்கா அப்படித்தான் போனார். அக்காவின் வீட்டுக்காரர் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாராம். நானுஓயாவில் கோச்சி நின்றது. தோட்டமே ஸ்டேசனுக்கு வந்து நின்றது. "கோச்சி நகருறப்ப ஸ்டேசனே ஒப்பாரி வச்சிச்சு தம்பி. அக்கா கைய விடல. நாந்தான் விட்டேன், இல்லாட்டி விழுந்திருப்பேன்" என்றார். அங்கேயிருந்து தலைமன்னார், அங்கிருந்து கப்பல், இராமேஸ்வரம். பிறகு இரண்டு கடிதம் வந்ததாம், அவ்வளவுதான்.

லுமாலாக்காரர் அதுவரை பேசாமல் இருந்தார். அவருடைய குடும்பம் மன்னார்த் தீவு. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, கையில் எடுத்ததோடு வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்தவர்கள். அவர் பிறந்தது புத்தளத்தில் ஓர் அகதி முகாமில். "ஐயா, நாங்க அந்தப் பக்கத்து ஆக்கள்தான்" என்று ஆரம்பித்துத் தன் கதையையும் சுருக்கமாகச் சொன்னார். பெரியவர் கேட்டுவிட்டு, "அப்ப உங்களுக்கு வூட்டுப் பத்திரம் இருந்திச்சா?" என்று மட்டும் கேட்டார்.

"வாப்பாட பெட்டியில இருந்தது. பெட்டி வரல்ல."

கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவில் இருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கித்தான், காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தார்கள். பசியிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே இறந்தவர்கள் அதிகம். 1914-இல் ரயில் தலைமன்னாரைத் தொட்டது. ஒப்பந்தத்துக்குப் பிறகு அவர்களின் பேரப்பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியதும் அந்த வழியால்தான். தலைமன்னார்ப் பாதையை வகுப்பில் எத்தனையோ தடவை வரைபடத்தில் குறித்திருக்கிறோம். அதில் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று கேட்டதில்லை.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தபிறகுதான் எஞ்சியிருந்தவர்களின் நாடற்ற நிலை சட்டப்படி முடிந்தது. 1948-இல் இருந்து எண்ணினால் 55 வருடங்கள். பெரியவரிடம் இப்போது அடையாள அட்டை இருக்கிறது. சட்டைப் பையில் பொலித்தீனில் சுற்றி வைத்திருந்தார். நாங்கள் கேட்காமலேயே எடுத்துக் காட்டினார்.

தேத்தண்ணிக்குக் காசு கொடுக்க அவர் எங்களை விடவில்லை. அஸருக்குப் பிறகு மூடுபனி மறுபடி இறங்கிவிட்டது. லொறி பிடித்துத்தான் திரும்பினோம். முழுப் பாதையையும் மிதித்தோம் என்று பெருமை பேச வழியில்லை.

அடுத்த தவணையில் பதினோராம் தரத்துக்குச் சுதந்திரம் பற்றிய பாடம் வருகிறது. அதற்கு முன் பிள்ளைகளிடம், வீட்டில் உள்ள மிகப் பழைய பத்திரம் எது, அது யாருடையது என்று கேட்டு எழுதிவரச் சொல்லப்போகிறோம். பத்திரம் இல்லாத வீடென்றால் ஏன் இல்லை என்று எழுதட்டும். நீங்களும் உங்கள் வீட்டுப் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். உறுதியோ, பிறப்புப் பத்திரமோ, பழைய பாஸ்போட்டோ இருந்தால் இன்றைக்கே ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். பெரியவர்கள் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள்.

அந்தப் பெரியவருக்கும், எங்கேயோ இருக்கும் அவருடைய அக்காவின் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் நல்ல சுகத்தைக் கொடுப்பானாக.