கல்லும் கனியும் தந்த தாயிப்

அரபு நாடு என்று சொன்னதும் நம்மில் பெரும்பாலோர் மனக்கண்முன் மணற்பரப்பும் அனற்காற்றும் ஒட்டக வரிசையுமே தோன்றும். அந்நாட்டிலேயே திராட்சைக் கொடி படரும் மலையூர் ஒன்று உண்டு. அங்கே மாதுளை சிவக்கும், அத்தி கனியும், வேனிலிலும் இரவுக் காற்று இதமாய் வீசும் என்றால் கேட்போர் வியப்பர். அவ்வூரே தாயிப். கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் அமைந்த இந்நகருக்கு மக்காவிலிருந்து மலைவழியே ஏறத்தாழ 90 கிலோமீட்டர். கோடையில் சவூதி மன்னர்கள் இங்கிருந்து ஆட்சி நடத்தியமையால் 'கோடைத் தலைநகர்' என்னும் பெயரும் இதற்கு உண்டு.

ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் செல்லும் நம் மக்கள் ஒரு பகலைத் தாயிபுக்கென ஒதுக்குவது இப்போது வழக்கமாகிவிட்டது. காலையில் பேருந்து ஏறுகின்றனர், மலையைக் காண்கின்றனர், ரோஜா அத்தரும் பழமும் வாங்குகின்றனர், மாலையில் மக்கா திரும்புகின்றனர். இதில் குறை காண்பது நம் நோக்கமன்று. ஆயினும் இந்த ஒரு பகற் பயணத்தின் பாதை, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வில் மிகக் கடுமையான நாளொன்றின் பாதையும் ஆகும். அதை அறிந்து செல்வோர் காணும் தாயிப் வேறு. அறியாது செல்வோர் காணும் தாயிப் வேறு.

மலை ஏறும் பாதை

மக்காவிலிருந்து அரஃபாத் பெருவெளியைக் கடந்ததும் வானை மறைத்து நிற்கும் மலைத்தொடர் எதிர்ப்படும். அதுவே கரா மலை. முற்காலத்தில் கழுதையும் கோவேறு கழுதையும் கால்நடையாளரும் இம்மலைமீது நேரே ஏறிச் சென்றனர். சுமை ஏற்றிய ஒட்டகங்களோ வடக்கே பள்ளத்தாக்கு வழியாகச் சுற்றிச் சென்றன. கல் பாவிய பழைய ஏறுபாதையின் பகுதிகளை மலைச்சரிவில் இன்றும் காணலாம். 1814ஆம் ஆண்டில் எகிப்தின் ஆளுநர் முஹம்மது அலி பாஷா தாயிபில் தங்கியிருந்தபோது, அவரைக் காணச் சென்ற பயணி புர்க்ஹார்ட் இம்மலை உச்சியில் நின்று, ஹிஜாஸ் முழுவதிலும் தாம் கண்ட இடங்களுள் இதுவே மிக அழகியது என்னும் கருத்துப்பட எழுதிவைத்தார்.

மலையைக் குடைந்தும் வளைத்தும் அமைக்கப்பட்ட தார்ச்சாலை 1965ஆம் ஆண்டில், மன்னர் ஃபைஸல் காலத்தில் திறக்கப்பட்டது. இப்போது பேருந்து வளைந்து வளைந்து ஏறுகையில் காது அடைக்கும். வெப்பம் படிப்படியாகத் தணியும். சாலையோரத்தில் குரங்குக் கூட்டங்கள் பயணியரின் கையைப் பார்த்தபடி அமர்ந்திருக்கும். உச்சியில் அல்ஹதா என்னும் ஊர். அங்கிருந்து மலையடிவாரத்துக்குக் கம்பி வழியே செல்லும் தொங்கு ஊர்தியும் உண்டு. அதன் தொலைவு ஏறத்தாழ 4 கிலோமீட்டர்.

அல்ஹதாவும் அதனினும் உயர்ந்த அஷ்ஷஃபாவும் ரோஜாவுக்குப் பெயர் பெற்றவை. முப்பது இதழ் கொண்ட இம்மலர் வேனிலின் தொடக்கத்தில் சில வாரங்கள் மட்டுமே பூக்கும். வெயில் ஏறினால் மணம் குன்றும். ஆதலின் விடியலிலேயே பறித்துச் செப்புக் கலன்களில் இட்டு வடிப்பர். ஒரு தோலா அத்தருக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மலர்கள் வேண்டும். இத்தொழில் மரபை யுனெஸ்கோ நிறுவனம் 2024ஆம் ஆண்டில் மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

பத்து நாட்கள்

நபித்துவத்தின் பத்தாம் ஆண்டு (கி.பி. 619-620). அன்னை கதீஜா (ரலி) மறைந்தார்கள். காத்து நின்ற பெரிய தந்தை அபூதாலிபும் மறைந்தார். மக்காவின் கதவுகள் அடைபட்ட நிலையில், ஜைத் இப்னு ஹாரிஸா (ரலி) ஒருவரை மட்டும் துணைக்கொண்டு அண்ணலார் தாயிபுக்குச் சென்றார்கள். அப்போது தாயிப் மதில் சூழ்ந்த செல்வ நகரம். 'சூழ்ந்திருப்பது' என்பதே அப்பெயரின் பொருள். ஸகீஃப் குலத்தார் அங்கு வாழ்ந்தனர். லாத் என்னும் சிலையின் கோயிலும் அங்கேதான் இருந்தது.

அம்ர் இப்னு உமைரின் மைந்தர்களான அப்து யாலீல், மஸ்ஊத், ஹபீப் என்னும் மூவரே ஊர்த் தலைவர்கள். அவர்கள் ஏளனமே பதிலாகத் தந்தனர். பத்து நாட்கள் தங்கினார்கள் என்பது இப்னு ஸஅத் தரும் கணக்கு. முடிவில் ஊரின் கீழ்மக்கள் ஏவப்பட்டனர். கல் பறந்தது; திருப்பாதங்கள் குருதி சிந்தின; குறுக்கே நின்று தடுத்த ஜைதின் தலையும் பிளந்தது.

ரபீஆவின் மக்களான உத்பா, ஷைபா ஆகியோரின் திராட்சைத் தோட்டத்தில் ஒதுங்கியபோது அவ்விருவரும் கண்டு இரங்கினர். அத்தாஸ் என்னும் கிறிஸ்தவப் பணியாளிடம் ஒரு குலை திராட்சை கொடுத்தனுப்பினர். இறைவன் பெயர் கூறி உண்ணக் கண்ட அத்தாஸ் வியந்தார். அவர் நீனவா நகரத்தவர் என்று கேட்டறிந்த அண்ணலார், அது யூனுஸ் (அலை) அவர்களின் ஊரல்லவா என்றார்கள். அத்தாஸ் குனிந்து முத்தமிட்டார். ஊர் முழுதும் கல் தந்த அன்று கனி தந்தவை ஓர் அடிமையின் கைகள்.

இந்நிகழ்ச்சியை நினைவூட்டும் சிறு பள்ளிவாசல்களை இன்றும் காட்டுவர். இதே இடந்தான் என்று அறுதியிட்டுக் கூறுவதற்கு மக்கள் வழக்கன்றி உறுதியான சான்று இல்லை. சான்றுள்ள இடம் வேறொன்று; திரும்பும் வழியில் அதைக் காண்போம்.

அணைக்கல் சொல்லும் செய்தி

நகரின் நடுவே நிற்கும் பெரிய பள்ளிவாசல் அப்துல்லாஹ் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் பெயரைத் தாங்கியது. திருக்குர்ஆன் விரிவுரைக் கலையின் தந்தை எனப் போற்றப்படும் அப்பெருந்தகை தம் இறுதிக் காலத்தை இவ்வூரில் கழித்து ஹிஜ்ரி 68இல் மறைந்தார்கள். அலீ (ரலி) அவர்களின் மகனார் முஹம்மது இப்னுல் ஹனஃபிய்யா ஜனாஸாத் தொழுகை நடத்தினார்கள்.

நகருக்குக் கிழக்கே சைஸத் என்னுமிடத்தில் பெருங்கற்களை அடுக்கிக் கட்டிய பழைய அணை ஒன்று உள்ளது. பேருந்துப் பயணியர் பெரும்பாலும் அங்கே செல்வதில்லை. அரபு மொழி கற்றோர் அவசியம் காணவேண்டிய இடம் அது. முஆவியா (ரலி) அவர்களுக்காக ஹிஜ்ரி 58இல் (கி.பி. 677-678) கட்டப்பட்டது என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. சிறப்பு என்னவெனில், அதன் எழுத்துகள் சிலவற்றுக்குப் புள்ளி இடப்பட்டுள்ளது. அரபு எழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கம் ஹஜ்ஜாஜ் இப்னு யூசுஃப் இராக்கை ஆண்டபோது தோன்றியதாகவே மதரஸாக்களில் நெடுங்காலம் கற்பித்து வந்தோம். ஹஜ்ஜாஜ் ஆட்சிக்கு வந்தது ஹிஜ்ரி 75இல். கல்வெட்டோ அதற்குப் பதினேழு ஆண்டு முந்தியது. அவர் காலத்தில் அவ்வழக்கம் திருக்குர்ஆன் பிரதிகளில் ஒழுங்குபெற்றது என்று கொள்வதே பொருந்தும். அந்த ஹஜ்ஜாஜும் தாயிபில் பிறந்து, இளமையில் இவ்வூர்ச் சிறுவர்களுக்குப் பாடம் சொன்னவரே.

மதிலும் மன்னிப்பும்

ஹிஜ்ரி 8இல் மக்கா வெற்றியும் ஹுனைன் போரும் முடிந்தபின் முஸ்லிம் படை தாயிபை முற்றுகையிட்டது. முன்பு கல்லெறிந்து விரட்டிய ஊரின் மதிலை நோக்கி இப்போது மன்ஜனீக் என்னும் கல்லெறி பொறி நிறுத்தப்பட்டிருந்தது. திராட்சைக் கொடிகளை வெட்டும் ஆணையும் பிறந்தது. இறைவனுக்காகவும் உறவுக்காகவும் விட்டுவிடுமாறு ஸகீஃபினர் வேண்டவே, அவ்வாணை நிறுத்தப்பட்டது. முற்றுகையும் நீங்கிற்று. ஸகீஃபைச் சபிக்குமாறு தோழர்கள் வேண்டினர். அண்ணலாரோ அவர்களுக்கு நேர்வழி காட்டுமாறு இறைவனை இறைஞ்சினார்கள் என்று திர்மிதீ பதிவு செய்கிறார்.

மறு ஆண்டு ரமழானில் ஸகீஃபின் தூதுக்குழு மதீனா வந்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் யார்? அப்து யாலீல்! வீடு தேடி வந்த விருந்தினரை ஏளனம் செய்து அனுப்பிய மூவருள் ஒருவரே அவர் என்று இப்னு இஸ்ஹாக் எழுதுகிறார். பழைய கணக்கு எதுவும் கேட்கப்படவில்லை. குர்ஆன் ஓதுவதைக் கேட்கவும் தொழுகையைக் காணவும் வாய்ப்பாகப் பள்ளிவாசலிலேயே அவர்களுக்குக் கூடாரம் அடிக்கப்பட்டது. லாத்தைச் சில காலம் விட்டுவைக்கக் கேட்டனர். தொழுகையிலிருந்து விலக்கும் கேட்டனர். இரண்டும் மறுக்கப்பட்டன. மன்னிப்பு வேறு, கொள்கையில் விட்டுக்கொடுப்பது வேறு என்பதை இங்கே கவனிக்கவேண்டும்.

குழுவில் மிக இளையவரான உஸ்மான் இப்னு அபில் ஆஸ் (ரலி) மார்க்கம் கற்பதில் காட்டிய ஆர்வம் கண்டு அவரையே தாயிபின் தலைவராக்கினார்கள். அண்ணலாரின் மறைவுக்குப்பின் அரபுக் குலங்கள் பல தடுமாறியபோது, இறுதியாக இஸ்லாத்தில் இணைந்த நீங்கள் முதலாவதாக வெளியேறுவோர் ஆகிவிடாதீர்கள் என்னும் கருத்துப்பட அவர் கூறியதும் தாயிப் உறுதியாக நின்றது.

இவ்வரலாறு நம் நாட்டையும் தொடுகிறது. உமர் (ரலி) ஆட்சியில் பஹ்ரைன், உமான் பகுதிகளின் ஆளுநராயிருந்த இதே உஸ்மான், இன்றைய மும்பைக்கு அருகிலுள்ள தானாவுக்குக் கடல்வழியே படை அனுப்பினார் என்றும், கலீஃபா அதை விரும்பவில்லை என்றும் பலாதுரீ எழுதுகிறார். கி.பி. 711-712இல் சிந்துவுக்கு வந்த முஹம்மது இப்னு காஸிமும் ஸகீஃப் குலத்தவரே. நம் தமிழகக் கரைக்கு இஸ்லாம் வந்தது படையால் அன்று, வணிகரால்தான். ஆயினும் இந்தியாவோடு தொடர்புற்ற தொடக்ககால முஸ்லிம்களில் சிலர், கல்லெறிந்த ஊரின் வழித்தோன்றல்கள் என்பது சிந்திக்கத்தக்கது.

திரும்பும் வழியில்

மக்காவுக்கு உம்ரா எண்ணத்தோடு திரும்புவோர் மீகாத்தில் இஹ்ராம் அணியவேண்டும். மலைப்பாதையில் வருவோருக்கு வாதி முஹர்ரமும், வடக்கே ஸைல் வழியாக வருவோருக்கு கர்னுல் மனாஸிலும் அதற்கான இடங்கள். இரண்டும் ஒரே பள்ளத்தாக்கைச் சேர்ந்தவை. பேருந்துகள் இங்கே சிறிது நேரம் நிற்கும். பயணியர் விரைந்து குளிப்பர், உடை மாற்றுவர், ஏறிவிடுவர்.

இங்கேதான் நாம் சற்று நிற்கவேண்டும். உஹதை விடக் கடுமையான நாள் ஏதேனும் உண்டா என்று ஆயிஷா (ரலி) வினவியபோது அண்ணலார் இப்பயணத்தையே குறிப்பிட்டார்கள். துயரத்தில் திசையறியாது நடந்து, கர்னுஸ் ஸஆலிபில்தான் தம்மை உணர்ந்ததாகக் கூறினார்கள். அது கர்னுல் மனாஸிலே என்பது விரிவுரையாளர் பலரின் கருத்து. அங்குதான் மலைகளின் வானவர் வந்தார். ஆணையிட்டால் இரு மலைகளையும் அவர்கள்மீது கவிழ்ப்பேன் என்றார். தாயிபைச் சூழ்ந்த மலைகளைக் காட்டி இவைதாம் அவை என்று வழிகாட்டிகள் சிலர் சொல்வர். அக்ஷபைன் என்பவை மக்காவின் இரு மலைகள் என்பதே அறிஞர் விளக்கம். ஆக, விரட்டிய தாயிபுக்கும் விரட்டக் காத்திருந்த மக்காவுக்கும் இடையில், இரண்டிலும் இடமில்லாத நிலையில் நின்றே, இவர்களின் வழித்தோன்றல்களிலிருந்து ஏக இறைவனை வணங்குவோர் தோன்றுவர் என்று நம்புவதாக அண்ணலார் பதிலளித்தார்கள்.

அந்த நம்பிக்கை ஏறத்தாழ பதினோர் ஆண்டுகளில் நிறைவேறிற்று. வழித்தோன்றல்கள் வரைகூடக் காத்திருக்க நேரவில்லை.

நம் மஹல்லாக்களை எண்ணிப் பார்க்கிறோம். ஒருவர் தவறு செய்தால் ஒதுக்கிவைக்கிறோம். அந்தக் குடும்பமே இப்படித்தான் என்று முத்திரை குத்துகிறோம். பாடத்தில் பிந்திய மாணவனைத் தேறமாட்டான் என்று ஆசிரியர்களாகிய நாமே கைவிடுகிறோம். எவரைப் பற்றியும் இறுதித் தீர்ப்பு எழுதும் உரிமை நமக்கு இல்லை என்பதே தாயிப் கற்பிக்கும் பாடம்.

ஆதலின் அடுத்த முறை செல்வோர் அத்தரும் மாதுளையும் தாராளமாக வாங்கி வரட்டும். மீகாத்தில் பேருந்து நிற்கும் அந்தச் சிறு பொழுதில், உடன் வந்த பிள்ளைகளை அருகில் அழைத்து இவ்வரலாற்றையும் சொல்லட்டும்.